லூர் நிறம் எதை எடுப்பது? பத்தாங் பெர்ஜுந்தை தண்ணீருக்கு ஒரு கேள்வி பதில்

கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறினாலும் நம் ஆட்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிப் பழைய ஈய லம்பக் குட்டைகள் (ஈயம் தோண்டிய பள்ளங்கள்), செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்கள், ராஜா மூசா காட்டுப் பக்கம் காம்புட் மண்ணில் (இலை தழை மக்கிய சதுப்பு மண்) ஊறிய கறுப்புத் தண்ணீர், அப்புறம் சிலாங்கூர் ஆறு. மோட்டார் சைக்கிள் இருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலையும் பார்த்துவிடலாம். நாலிலும் ஒரே லூரை (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) கட்டிக்கொண்டு வீசினால் கைதான் வலிக்கும். காஸ்டிங், அதாவது தூண்டில் வீசி மீன் பிடிக்க, பழக வரும் பிள்ளைகள் நிறத்தைப் பற்றிக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

கடையில் ஐம்பது நிறம் தொங்குகிறது. எதிலிருந்து தொடங்குவது?

கடைக்குப் போவதற்கு முன் கரைக்குப் போங்கள். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி ஒன்று எடுத்து நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுங்கள். அடியில் இரண்டு இரும்பு நட்டு. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. கண்ணாடி போல வெயில் தெறிக்காத பக்கமாக நின்று, மூடியைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். அது கண்ணுக்கு மறையும்போது எத்தனை முடிச்சு உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும் கூட, மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கித் தெளிவை அளந்தார். ஏரிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைச் செக்கித் தட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

என் கணக்கு இதுதான்: நாலு அடிக்கு மேல் மூடி தெரிந்தால் தெளிந்த தண்ணீர். ஒன்றரையிலிருந்து நாலு அடி வரை மங்கல். அதற்கும் கீழே என்றால் கலங்கல்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்றையும் பாருங்கள். மறைவதற்குச் சற்று முன்னால் அந்த வெள்ளை மூடி என்ன நிறமாகத் தெரிகிறது? நீலம் கலந்த பச்சையா, பாசிப் பச்சையா, ஆரஞ்சா, மண் நிறமா? அந்தத் தண்ணீருக்குள் எந்த நிற ஒளி மிஞ்சி நிற்கிறது என்பதை மூடி சொல்லிவிடும். மிஞ்சிய ஒளியின் நிறத்தில் இருக்கும் லூர் பளிச்சென்று தெரியும். அந்த ஒளியில் இல்லாத நிறம் கறுப்பாகத் தெரியும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

தெளிந்த லம்பக் குட்டையில் என்ன போடுவது?

மூடி நீலம் கலந்த பச்சையாக மறைகிறதா? அப்படியானால் மீனுக்கு நன்றாகக் கண் தெரியும், லூரைப் பரிசோதிக்க நேரமும் இருக்கும். அங்கே மீன் வழக்கமாகத் தின்பதைப் போலக் காட்டுங்கள்: செலுவாங் என்ற பொடி மீன், சின்ன திலாப்பியா. முதுகு ஆலிவ் அல்லது சாம்பல், பக்கவாட்டில் வெள்ளி, வயிறு வெள்ளை. சாஃப்ட் பிளாஸ்டிக் (ரப்பர் போன்ற மெத்தென்ற லூர்) என்றால் உள்ளே ஒளி ஊடுருவும் வகை, அதாவது பூசணிப் பச்சை, புகை நிறம், லேசான மினுக்கு கலந்தது. ஸ்பூன், ஸ்பின்னர் தகடு எல்லாம் வெள்ளி நிறம். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் மினுக்கைக் குறைத்துக்கொள்ளலாம். அதிகமாகப் பளபளத்தால் பின்னால் வரும் மீன் பக்கத்தில் வந்து திரும்பிப் போய்விடும்.

பி.பி. என்று நாம் சொல்லும் பீக்காக் பாஸ் மட்டும் இந்தச் சட்டத்துக்கு அவ்வளவாக அடங்காது. அது பசியில் மட்டும் கடிக்கும் மீன் இல்லை, தன் இடத்துக்குள் வந்தவனை விரட்டவும் கடிக்கும். அதனால் தெளிந்த தண்ணீரிலேயே ஃபயர் டைகர் (பச்சை முதுகு, மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை, ஆரஞ்சு வயிறு) வேலை செய்யும். முதலில் இயற்கை நிறம், இருபது வீச்சு போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஃபயர் டைகர். இதுதான் என் வரிசை.

சில குட்டைகள் பார்க்க அழகான வெளிர்நீலமாக இருக்கும், ஆனால் மூடி இரண்டு அடியிலேயே மறைந்துவிடும். அது தெளிவு இல்லை. ஈயம் கழுவிய காலத்து மெல்லிய களிமண் இன்னும் தண்ணீரில் மிதக்கிறது. பின்னணியே வெளிறிப் போயிருப்பதால் வெள்ளை லூர் அதில் கரைந்துவிடும். அங்கே கருநீலம், கறுப்பு, அடர் பழுப்பு போடுங்கள்.

நிறத்துக்கு வெளியே ஒரு வார்த்தை: லம்பக் குட்டையின் கரை பல இடங்களில் இரண்டு எட்டு வைத்ததும் செங்குத்தாக இறங்கும், சேறு காலை இழுக்கும். லூர் மாட்டிக்கொண்டது என்று எடுக்க இறங்காதீர்கள். முப்பது வெள்ளி (ரிங்கிட்) பொருள் போனால் போகட்டும்.

பாசி பிடித்த பச்சைத் தண்ணீருக்கு?

1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட தென்னமரம் எஸ்டேட் நம் ஊர்ப் பக்கம்தான். செம்பனைக்கு உரம் போடாமல் இருக்க முடியாது. மழை பெய்தால் அதில் ஒரு பங்கு வாய்க்காலுக்கும் குட்டைக்கும் வந்து சேரும். பாசி வளரும், தண்ணீர் பச்சையாகும். மூடி இரண்டு மூன்று அடியில் பசுமஞ்சளாக மறையும்.

இந்தத் தண்ணீரில் பச்சையும் மஞ்சளும் தூரம் போகின்றன, நீலமும் ஊதாவும் சீக்கிரம் விழுங்கப்படுகின்றன. அதனால் கிளிமஞ்சள், அதாவது கடைக்காரர் சார்ட்ரூஸ் என்று காட்டும் அந்தப் பசுமஞ்சள், இங்கே ராஜா. அதிலும் ஒளிரும் பூச்சு உள்ளது இன்னும் நல்லது. அந்தப் பூச்சு நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் நீல ஒளியையும் வாங்கிக்கொண்டு மஞ்சளாக, பச்சையாகத் திருப்பித் தரும். அதனால்தான் சுற்றியுள்ள வெளிச்சத்தை விடப் பிரகாசமாகத் தெரிகிறது. தகடு தங்க நிறம். ஃபயர் டைகருக்கும் இது சொந்த ஊர் மாதிரி.

முழுக்க மஞ்சளாக இருப்பதை விட, மஞ்சள் உடம்பில் கறுப்பு முதுகோ கறுப்புப் பட்டையோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை மூட்டத்துக்குள் ஒரே வெளிர் நிறம் எல்லையில்லாமல் தெரியும். கறுப்புக் கோடு இருந்தால் ‘இது ஒரு பொருள்’ என்று மீனுக்குப் பிடிபடும்.

காம்புட் தண்ணீர் கறுப்பாக இருக்கிறதே, அங்கே எந்த லூரும் தெரியாதா?

தெரியும். இந்த ஒரு தண்ணீரைத்தான் நிறையப் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். காம்புட் வாய்க்காலில் ஒரு கிளாஸ் மொண்டு பாருங்கள், சேறு இருக்காது, நல்ல தே ஓ (பால் கலக்காத தேநீர்) மாதிரி தெளிவாக, செம்பழுப்பாக இருக்கும். மக்கிய இலை, வேர், கட்டையிலிருந்து இறங்கிய சாறுதான் அந்த நிறம். மேலிருந்து பார்த்தால் கறுப்பு, உள்ளே கண்ணாடி.

அந்தச் சாறு நீல ஒளியை முதலில் தின்றுவிடும், பச்சையிலும் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவது ஆரஞ்சும் சிவப்பும். மூடியை இறக்கினால் ஓர் அடியிலேயே ஆரஞ்சாகி, அப்புறம் செம்பாகி மறைவதைப் பார்க்கலாம். எனவே ஆரஞ்சு, சிவப்பு, செம்புத் தகடு, தங்கம், பழுப்பில் ஆரஞ்சு வயிறு, இவையெல்லாம் இங்கே விளக்குப் போட்டது போலத் தெரியும். கடையில் கண்ணைப் பறிக்கும் நீல லூர் இங்கே வெறும் கறுப்பு. நீலத்துக்கென்று காசு கொடுக்க வேண்டாம், கறுப்பையே வாங்குங்கள். மேலே மூடியிருக்கும் நிழலிலும் கறுப்பு நன்றாகவே எடுபடும்.

ஹருவான் (நம் விரால்தான்) இந்தத் தண்ணீரில் கரையோரப் புல்லுக்குள் கிடக்கும். கறுப்பு உடம்பு, ஆரஞ்சு வயிறு உள்ள ஜம்ப் ஃப்ரொக் (தண்ணீர் மேல் ஓடும் தவளை லூர்) ஒன்று பையில் இருந்தால் காம்புட் பக்கம் வேறு எதுவும் தேடத் தேவையில்லை என்பது என் கட்சி. வெள்ளைதான் என்று சத்தியம் செய்கிறவர்களும் ஊரில் உண்டு. சண்டை போட மாட்டேன், வெள்ளையும் அங்கே ஆரஞ்சாகத்தான் தெரியும்.

மழை பெய்து ஆறு செம்மண்ணாக ஓடுகிறது. வீட்டிலேயே இருந்துவிடலாமா?

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் சாயங்கால மழை அதிகம். அதற்கெல்லாம் வீட்டில் இருந்தால் வருடத்தில் பாதி போய்விடும்.

சேற்றுத் தண்ணீரில் மூடி அரை அடியில் போய்விடுகிறது என்றால் மீனும் அவ்வளவு தூரம்தான் பார்க்கும். மண் துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிற வித்தியாசம் மங்கிவிடும். உருவமும் இருட்டும்தான் மிச்சம். அதனால் முழுக் கறுப்பு, அல்லது கறுப்பில் கருநீலம். வேண்டுமானால் கறுப்பு உடம்பில் கிளிமஞ்சள் வால்.

ஆனால் இங்கே நிறத்தை விடச் சத்தமும் அதிர்வும் முக்கியம். மீன் தன் உடம்பின் பக்கக்கோட்டால் தண்ணீரின் அசைவை உணரும். உருண்டையான கொலராடோ தகடு உள்ள ஸ்பின்னர்பெய்ட், உள்ளே குண்டு குலுங்கும் கிராங்க், தண்ணீரைக் கொப்பளிக்கும் பாப்பர் எடுங்கள். அளவு கொஞ்சம் பெரிது. இழுப்பு மெதுவாக, ஒரே வேகத்தில். திடீர் திடீரென்று திசை மாறும் லூரைக் கலங்கலில் மீன் தவறவிடும்.

இன்னும் ஒன்று, இதுதான் உண்மையான ரகசியம்: கலங்கல் ஆறு முழுக்க ஒரே கலங்கலாக இருக்காது. பக்க வாய்க்காலிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் செம்மண், மறுபக்கம் தெளிவு. தின்னி மீன் செம்மண் பக்கம் ஒளிந்து நின்று தெளிவான பக்கம் வரும் குஞ்சைப் பிடிக்கும். அந்தக் கோட்டின் மேல் வெள்ளை அல்லது வெள்ளி லூரைத் தெளிவிலிருந்து கலங்கலுக்கு இழுங்கள்.

மீனுக்கு நிறமே தெரியாது என்கிறாரே எங்கள் மாமா?

மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், தெரியும். அமெரிக்காவின் பெரிய வாய் பாஸ் மீனை வைத்து 1937லேயே இல்லினாயில் பிரவுன் என்ற ஆய்வாளர் சோதித்து, அது நிறங்களைப் பிரித்தறிகிறது என்று எழுதினார். 2019இல் வெளியான இன்னோர் இல்லினாய் ஆய்வு அதைக் கண்ணின் உள்ளேயே போய்ப் பார்த்தது. அந்த மீனின் கண்ணில் இரண்டு வகை நிற உணர் செல்கள்: ஒன்று பச்சைக்கு (சுமார் 535 நானோமீட்டர்), ஒன்று சிவப்புக்கு (சுமார் 614). நமக்கு மூன்று வகை, நீலத்துக்குத் தனியாக ஒன்று உண்டு. பாஸுக்கு அது இல்லை.

பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தது. கிளிமஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது. நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொண்டது. இதை வைத்துப் பார்த்தால் கறுப்பா கருநீலமா என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நின்று யோசிக்கும் நேரம் வீண்.

அது அமெரிக்க பாஸ். நம் பி.பி.க்கு அந்த நிற அட்டவணை பொருந்துமா?

பீக்காக் பாஸ் உண்மையில் பாஸ் குடும்பமே இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிக்லிட், திலாப்பியாவுக்குத்தான் சொந்தம். தோமானும் (விராலின் பெரிய சொந்தம்) ஹருவானும் இவற்றிலிருந்து முற்றிலும் வேறான விரால் குடும்பம். அதனால் ‘இந்த நிறத்தைத்தான் பாஸ் விரும்பும்’ என்று வரும் அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள். தண்ணீருக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பது மட்டும் டெக்சஸிலும் ஒன்று, பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஒன்று. அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.பி. பகலில் கண்ணால் வேட்டையாடும் மீன். இருட்டிய பிறகு அதற்காக நிறம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். இன்னொன்று, அது வெளியிலிருந்து வந்து நம் சின்ன மீன்களைத் தின்னும் இனம். உயிரோடு பிடித்து வேறு குட்டையில் கொண்டுபோய் விடாதீர்கள்.

சிவப்பு ஆழத்தில் மறைந்துவிடும் என்கிறார்களே?

தெளிந்த நீரில் சிவப்பு ஒளிதான் முதலில் போகும், அது சரி. ஆனால் அது பல மீட்டர் ஆழத்துக்கான பேச்சு. நாம் வீசும் லூர் பெரும்பாலும் மூன்று நாலு அடிக்குள் ஓடுகிறது. அங்கே சிவப்பு இருக்கும். காம்புட் தண்ணீரில் கதையே தலைகீழ், சிவப்புதான் கடைசிவரை நிற்கும்.

தண்ணீர் மேல் ஓடும் ஃப்ரொக், பாப்பருக்கு எந்த நிறம்?

மீன் கீழிருந்து பார்க்கிறது. அதற்குத் தெரிவது வயிறு, பின்னணி வானம். முதுகில் எழுதிய கண், புள்ளி, தவளைத் தோல் எல்லாம் வாங்குகிற நமக்காகப் போட்டது. விடியலிலும் சாயங்காலத்திலும் கறுப்பு வயிறு. வெளிறிய வானத்துக்கு எதிராக அதுதான் கெட்டியாகத் தெரியும். நல்ல வெயிலில், தெளிந்த நீரில் வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் வயிறு. முதுகு நிறத்துக்கு ஒரே ஒரு பயன் உண்டு: ஆகாயத்தாமரைக்கு நடுவில் லூர் எங்கே என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முதுகில் கொஞ்சம் ஆரஞ்சோ வெள்ளையோ இருக்கட்டும்.

யூவி பூச்சு, இருட்டில் ஒளிரும் லூர்?

கலங்கலிலும் காம்புட் நீரிலும் யூவி ஒளி (கண்ணுக்குத் தெரியாத புற ஊதா) மேல்மட்டத்திலேயே போய்விடும். விலை ஒன்றாக இருந்தால் வாங்கலாம், கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மேகம் மூடினால் மாற்ற வேண்டுமா?

ஒரு படி அடர்த்தி கூட்டுங்கள், அல்லது தகட்டை வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு மாற்றுங்கள். போதும்.

கையில் நூறு வெள்ளிதான் இருக்கிறது. எத்தனை நிறம் வாங்குவது?

நாலு. இயற்கை நிறம் ஒன்று (ஆலிவ் முதுகு, வெள்ளி உடம்பு), ஃபயர் டைகர் ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று, ஆரஞ்சு வயிறோ செம்புத் தகடோ உள்ளது ஒன்று. நாலும் நாலு வகை லூராக இருக்கட்டும்: மினோ (சின்ன மீன் வடிவ லூர்), ஸ்பின்னர்பெய்ட், ஃப்ரொக், ஸ்பூன். ஒரே மினோவை எட்டு நிறத்தில் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டி திறந்தால் அழகாக இருக்கும். ஆனால் எட்டும் ஒரே ஆழத்தில்தான் ஓடும், மீன் அடியில் கிடக்கும் நாளில் எட்டும் சேர்ந்தே தோற்கும்.

மீன் பின்னாலேயே வருகிறது, கடிக்கவில்லை. நிறத்தை மாற்றவா?

முதலில் வேகத்தை மாற்றுங்கள். ஒரு நொடி நிறுத்தி இழுத்துப் பாருங்கள். அப்புறம் ஆழம், அப்புறம் அளவு. இவை மூன்றுக்கும் பிறகு நிறம். பின்னால் வருகிறது என்றாலே லூர் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். நிறம் செய்ய வேண்டிய பெரிய வேலை முடிந்தது. அதற்கப்புறமும் தெளிந்த நீரில் திரும்பிப் போனால் மினுக்குக் குறைந்த, சிறிய லூர். கறுப்பு நிற பின்னல் நூலில் நேராகக் கட்டியிருந்தால், நூலுக்கும் லூருக்கும் நடுவில் நாலைந்து அடி தெளிவான லீடர் நூல் போடுங்கள். தோமான் இருக்கும் குட்டை என்றால் லீடர் தடியாக இருக்கட்டும், பல் அறுத்துவிடும்.

தோமான் குஞ்சுக் கூட்டத்தின் மேல் சிவப்பு லூர் போட்டால் கட்டாயம் கடிக்குமாமே?

தோமான் குஞ்சு ஆரஞ்சுச் சிவப்பாக, பந்து போலக் கூட்டமாக மேலே வரும். கீழே தாயும் தகப்பனும் காவல். அந்த நேரத்தில் எந்த நிறம் போட்டாலும் அடிக்கும், சிவப்புக்கு அங்கே மகிமை இல்லை. காவல் மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். நான் அந்தக் கூட்டத்தின் மேல் வீசுவதில்லை. வீசித்தான் தீருவேன் என்றால் பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள்.

இருக்கிற லூரின் நிறத்தை வீட்டில் மாற்றலாமா?

தாராளமாக. நீரில் அழியாத மார்க்கர் பேனா கறுப்பு, ஆரஞ்சு இரண்டு போதும். வெள்ளை லூரின் முதுகில் கறுப்பு, வயிற்றில் ஆரஞ்சு பூசினால் காம்புட் வாய்க்காலுக்குத் தயார். அதன் மேல் நிறமில்லாத நகப்பூச்சு மெல்லியதாக இரண்டு தடவை. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது, இல்லாவிட்டால் மார்க்கர் மை கலங்கி ஓடிவிடும். சாஃப்ட் பிளாஸ்டிக்கில் நகப்பூச்சு நிற்காது, உரிந்துவிடும். அதற்கு வாலை மட்டும் நனைக்கும் சாயம் தனியாகக் கடையில் விற்கிறார்கள். பூசும்போது கொக்கியைக் கழற்றிவிடுங்கள். தங்கச்சியின் நகப்பூச்சு என்றால் கேட்டு எடுங்கள்.